கேள்வி–பதில்: ஒரே டிஸ்க், இரண்டு சர்வர்கள்

கேள்வி: ஒரே டிஸ்கைப் பகிரும் இரண்டு நோடுகளிலும் (கிளஸ்டரிலுள்ள சர்வர்கள்) ஜிஎஃப்எஸ்2 கோப்பு முறைமையை மவுண்ட் செய்திருக்கிறோம்; அது ஒரே டிஸ்கைப் பல நோடுகள் ஒரே நேரத்தில் பயன்படுத்தவிடுவது. ஒரே டேட்டா டைரக்டரியை வைத்து இரண்டிலும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை ஓட்டிச் சுமையைப் பிரிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், தரவு கெட்டுப்போகும். ஜிஎஃப்எஸ்2 காப்பது கோப்பு முறைமையின் ஒழுங்கைத்தான். போஸ்ட்கிரெஸோ 8 கிலோபைட் பக்கங்களைத் தன் நினைவகத்தில் எடுத்துவைத்துக்கொண்டு திருத்துகிறது. முதல் நோடில் ஒரு பக்கம் மாறியது இரண்டாவதற்குத் தெரியாது; அது தன்னிடமுள்ள பழைய பிரதியைத் திருத்தி டிஸ்கில் எழுதினால் முதல் மாற்றம் அழிந்துவிடும். மாற்றங்களை முன்கூட்டியே பதிந்துவைக்கும் டபிள்யூஏஎல் கோப்புகளுக்கும் இதே கதிதான். பிழைச் செய்தி உடனே வராமல் போவதுதான் இதில் பெரிய ஆபத்து.

ஓடும் சர்வரின் பிராசஸ் எண்ணை டேட்டா டைரக்டரியில் குறித்துவைக்கும் போஸ்ட்மாஸ்டர்.பிஐடி கோப்பு தடுக்கும் என்று நம்பாதீர்கள். அதிலுள்ள பிராசஸ் எண் உயிரோடு இருக்கிறதா என்று போஸ்ட்கிரெஸ் தன் கணினிக்குள் மட்டுமே தேடும். பக்கத்து நோடில் ஓடுவது அதன் கண்ணில் படாது; பழைய கோப்பு என்று எண்ணிக் கிளம்பிவிடும். மைஎஸ்கியூஎல் இந்த விஷயத்தில் மேல். அதன் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி, ஐபிடேட்டா1 என்ற தரவுக் கோப்பைப் பூட்டுகிறது, ஜிஎஃப்எஸ்2 அந்தப் பூட்டைக் கிளஸ்டர் முழுக்க மதிக்கிறது, ஆகவே இரண்டாவது சர்வர் பிழை எண் 11 காட்டி நிற்கும். பூட்டுகளை அந்தந்த நோடுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் லோக்கல்ஃபிளாக்ஸ் ஆப்ஷனுடன் மவுண்ட் செய்தால் இந்தக் காவலும் போய்விடும்.

ஒரே டேட்டாபேஸைப் பல நோடுகளில் ஓட்டும் ஆரக்கிள் ராக் மட்டும் எப்படி ஓடுகிறது என்றால், கேஷ் ஃபியூஷன் என்ற வசதி வழியாக நோடுகள் தங்கள் நினைவகப் பிளாக்குகளை நெட்வொர்க்கில் பரிமாறிக்கொள்கின்றன. உங்களுக்குப் படிக்கும் சுமையைப் பிரிப்பதுதான் நோக்கம் என்றால் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் (ஒரு சர்வரின் மாற்றங்களை மற்றதற்குத் தொடர்ந்து அனுப்பும் முறை) போதும். ஒவ்வொரு நோடுக்கும் தனி டைரக்டரி.

கேள்வி: ஒன்று விழுந்தால் மற்றது எழுந்தால் போதும். என்ன செய்ய வேண்டும்?

பதில்: அதற்கு ஜிஎஃப்எஸ்2 தேவையே இல்லை. பொது டிஸ்கில் எக்ஸ்எஃப்எஸ் என்ற சாதாரணக் கோப்பு முறைமையைப் போட்டு, ஒரு நேரத்தில் ஒரு நோடில் மட்டும் அதை மவுண்ட் செய்யும்படி பேஸ்மேக்கர் என்ற கிளஸ்டர் மேலாண்மை மென்பொருளிடம் விடுங்கள். எழுப்பும் வரிசை: வால்யூம் குரூப் (டிஸ்க் இடத்தின் தொகுப்பு), கோப்பு முறைமை, டேட்டாபேஸ், கடைசியில் விர்ச்சுவல் ஐபி (ஓடும் நோடுக்கு மாறிச்செல்லும் முகவரி). கணினி கிளம்பும்போது தானாக மவுண்ட் ஆகும் டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப்பிலிருந்து அந்த டிஸ்கின் வரியை நீக்குங்கள். சர்வீஸ்களைத் தானாகக் கிளப்பும் சிஸ்டம்டியில் டேட்டாபேஸை டிஸேபிள் செய்யுங்கள்; இரண்டையும் பேஸ்மேக்கரே கவனிக்கட்டும். இரு நோடுகளிலும் டேட்டாபேஸ் பயனரின் யூஐடி (பயனர் அடையாள) எண் ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மாறும் வேளையில் அனுமதிப் பிழையில் நிற்கும்.

பதில் சொல்லாத நோடை வலுக்கட்டாயமாக அணைக்கும் ஏற்பாடான ஸ்டோனித்தை அணைத்துவைக்காதீர்கள். பதில் சொல்லாத நோடு செத்துவிட்டதா, நெட்வொர்க் மட்டும் அறுந்ததா என்று மற்றதற்குத் தெரியாது. அதன் மின்சாரத்தை நிறுத்திய பிறகே டிஸ்கைத் தொடலாம். இரண்டே நோடுகள் என்பதால் ஒன்றையொன்று ஒரே நேரத்தில் அணைத்துவிடாதபடி ஒன்றுக்கு மட்டும் சில விநாடி தாமதம் கொடுங்கள். அணைப்பதற்கு ஐபிஎம்ஐ (சர்வரைத் தொலைவிலிருந்து அணைக்க அதற்குள்ளேயே இருக்கும் வசதி) மட்டும் வைத்திருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு: சர்வரின் மின்சாரம் போனால் ஐபிஎம்ஐயும் போகும், அணைத்ததற்கான உறுதி கிடைக்காது, கிளஸ்டர் காத்தே கிடக்கும். பிடியூ (சர்வர்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பலகை) வழியாக இரண்டாவது ஏற்பாடு வையுங்கள். சோதிக்கும்போது முறையாக ஷட்டவுன் செய்து பார்ப்பது போதாது. மின்கம்பியையும் நெட்வொர்க் கேபிளையும் தனித்தனியே பிடுங்கிப் பாருங்கள்.

கேள்வி: டேட்டா டைரக்டரியை என்எஃப்எஸ்மேல் (நெட்வொர்க் வழியாக மவுண்ட் செய்யும் கோப்பு முறைமை) வைக்கலாமா?

பதில்: போஸ்ட்கிரெஸை வைக்கலாம். மவுண்டில் ஹார்ட் ஆப்ஷன் (பதில் வரும்வரை விடாமல் முயல்வது), என்எஃப்எஸ் சர்வர் பக்கம் எக்ஸ்போர்ட்டில் சின்க் ஆப்ஷன் (டிஸ்கில் எழுதிய பிறகே பதில் சொல்வது) இருக்க வேண்டும். சிறிது நேரத்தில் முயற்சியைக் கைவிடும் சாஃப்ட் மவுண்ட் கூடாது. நெட்வொர்க் சற்றுத் தடுமாறினாலும் எழுத்து பாதியில் தோற்றுவிடும்.