துகளை வெட்டுமா, சுற்றிப் போகுமா?

கேள்வி: ஜெட் எஞ்சின் டர்பைன் தகடுகளின் நிக்கல் கலப்புலோகம் கடும் வெப்பத்திலும் வலுவிழக்காதது ஏன்? இதைக் கணினியில் காண முடியுமா?

பதில்: உலோகம் உருமாறுவது, படிக அடுக்குகளில் நகரும் ‘இடப்பெயர்வு’ என்னும் கோட்டுக் குறைபாடுகளால்தான் என்பதை 1934இல் டெய்லர், ஒரோவான், போலானி ஆகிய அறிவியலாளர்கள் மூவரும் தனித்தனியே விளக்கினர். மூன்று நிக்கல் அணுக்களுக்கு ஓர் அலுமினிய அணு என ஒழுங்காக அமைந்த ‘காமா பிரைம்’ வீழ்படிவுத் துகளை (கலப்புலோகத்துக்குள் தனியே பிரிந்து உருவாகும் நுண்துகளை) அக்கோடு வெட்டினால் அந்த ஒழுங்கு குலையும். அதைச் சீர்செய்ய இரண்டாவது கோடு பின்தொடர வேண்டியிருப்பதால், அவை சோடியாகவே நுழைகின்றன. வெட்ட இயலாதபோது துகளைச் சுற்றி வளைந்து, ஒரு வளையத்தை விட்டுச் செல்கின்றன. கோடுகளின் நகர்வுக்கு இப்படித் துகள்கள் இடும் தடையே கலப்புலோகத்துக்கு வலுவூட்டுகிறது.

அணுக்களை ஒவ்வொன்றாகக் கணக்கிடும் உருவகப்படுத்தல் இந்த வெட்டை அழகாகக் காட்டும். ஆயினும் அது பெரும்பாலும் நானோ நொடிகளையே எட்டுவதால், படிகத்தில் அணு இல்லாத காலி இடங்கள் மெல்லப் பரவ, கோடு தன் தளத்தைவிட்டு ஏறித் துகளைக் கடக்கும் உயர்வெப்ப நிகழ்வு அதில் அகப்படுவதில்லை. என் கருத்தில் இத்துறையின் மெய்யான சவால் இதுவே. ஆகவே, அணுக்கணக்கில் பெற்ற ஆற்றல் மதிப்புகளைக் கொண்டு, கோடுகளை மட்டும் பின்தொடரும் பெரிய அளவிலான கணிப்பை ஆய்வாளர்கள் மேற்கொள்கின்றனர்.