மருந்துக்கடை ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டில் இருக்கலாமா?

(மருந்து தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவரின் பதில்கள்)

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. இன்சுலின் போடுகிறார், சர்க்கரை மாத்திரையும் உண்டு. தெருமுனை மெடிக்கலில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கவரில் போட்டுத் தருகிறார்கள். இன்சுலின் வைக்கும் ஃப்ரிட்ஜிலேயே தண்ணீர் பாட்டில்களும் இருக்கின்றன. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயக்கம். நல்ல கடை என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?
- வாசகி, மன்னார்குடி

பதில்: தயங்காமல் கேளுங்கள், சகோதரி. 31 வருடம் கவுன்ட்டரில் நின்றவன் நான். கேள்வி கேட்ட வாடிக்கையாளர்களால் எனக்கு நன்மைதான் நடந்திருக்கிறது.

முதலில் ஃப்ரிட்ஜ். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலும் பால் பாக்கெட்டும் அதே ஃப்ரிட்ஜில் இருந்தால் நாள் முழுக்கக் கதவைத் திறந்து மூடுவார்கள், குளிர் நிற்காது. உள்ளே தெர்மாமீட்டர் இருக்கிறதா, கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். நான் இருந்த கடையில் காலையும் மாலையும் எத்தனை டிகிரி என்று பார்த்து நோட்டில் எழுதுவோம். ஃப்ரீசரை ஒட்டி வைப்பதும் தப்பு. உறைந்துபோன இன்சுலின் உருகியபின் பார்வைக்குப் பழையபடியே தெரியலாம், ஆனால் அதைப் போடவே கூடாது. அதனால் வீட்டுக்குக் கொண்டுவரும்போதும் ஐஸ்கட்டியின் மேல் நேராக வைக்காதீர்கள், துணியில் சுற்றி வையுங்கள்.

அடுத்தது அட்டை. நாலு மாத்திரைக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்று வருபவருக்குக் கத்தரித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். பேட்ச் நம்பரும் (ஒரே தடவையில் தயாரான மருந்துக்கெல்லாம் கம்பெனி போடும் எண்) எக்ஸ்பைரியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரத்தை விட்டுவிட்டு மறுபக்கத்திலிருந்து கத்தரிப்பதுதான் முறை. உங்களுக்கு வந்த துண்டில் அது இல்லையென்றால், மருந்தின் பெயர், பேட்ச், எக்ஸ்பைரி மூன்றையும் கவர்மேல் எழுதித் தரச் சொல்லுங்கள். எக்ஸ்பைரி 03/2027 என்றிருந்தால் அந்த மார்ச் 31 வரை என்று பொருள்.

அப்புறம், என் கையால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். ஒரே கம்பெனியின் சர்க்கரை மாத்திரை, 1 மி.கி., 2 மி.கி. என்று இரண்டு. இரண்டு அட்டையும் ஒரே பச்சை, ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சாயங்கால நெரிசலில் ஒரு பெரியவருக்கு 1-க்குப் பதில் 2 கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை மருமகன் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். சட்டை முழுக்க வியர்வை, விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. மாத்திரை அதிகமாகி உடம்பில் சர்க்கரை இறங்கிப்போயிருந்தது. சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து, டாக்டரிடம் அழைத்துப்போனோம், தேறிவிட்டார். எண்ணைப் படிக்காமல் நிறத்தைப் பார்த்து எடுத்திருக்கிறேன். அந்த நடுங்கிய விரல்களை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து அந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததில்லை. சீட்டையும் அட்டையையும் வாங்குபவர் முன்னால் வைத்து, பெயரையும் மில்லிகிராமையும் வாய்விட்டுப் படித்துத்தான் கொடுப்பேன். உங்கள் கடைக்காரர் படிக்காவிட்டால் நீங்கள் படியுங்கள். கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன்பே படியுங்கள்.

இன்னொன்று. சுவரில் பார்மசிஸ்ட் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கும். அந்த ஆள் கடையில் இருக்கிறாரா என்று பாருங்கள். 1948-ம் வருட மருந்தியல் சட்டப்படி, பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கலாம்.

கேள்வி: செஃபிக்சிம் வாங்கப் போனால் சீட்டு கேட்கிறார்கள், பெயர், முகவரியெல்லாம் நோட்டில் எழுதுகிறார்கள். எதற்கு இந்தத் தொல்லை?
- வாசகர், திருப்பூர்

பதில்: அந்தக் கடையை விட்டுவிடாதீர்கள், ஒழுங்காக நடக்கிற கடை அது. செஃபிக்சிம் ஓர் ஆன்டிபயாடிக், அதாவது கிருமிகளைக் கொல்லும் மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் 'ஹெச்1' பட்டியலில் அது இருக்கிறது. வேறு சில ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்ப்ரசோலம் போன்றவையும் அதில் உண்டு. 2014 மார்ச் முதல் இவற்றுக்குத் தனிப் பதிவேடு கட்டாயம். டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். இதையெல்லாம் மிட்டாய் மாதிரி விற்றதால்தான் பல கிருமிகள் இன்று மருந்துக்கு அசைவதில்லை.

கேள்வி: வாங்கிய மாத்திரை நிறம் மாறி, தொட்டால் உதிர்கிறது. யாரிடம் சொல்வது?
- வாசகி, காரைக்குடி

பதில்: சாப்பிட வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். மீதியை அட்டையோடு பத்திரமாக வைத்து, பில்லுடன் கடையில் காட்டுங்கள். சரியான பதில் வராவிட்டால் உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். கட்டணம் கட்டி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே சோதனைக்குக் கொடுக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. பில்லில் பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.