வாசகர் கேள்வி: சதுரக்கள்ளி காக்டஸ் ஆகுமா?

கேள்வி: வல்லத்தை ஒட்டிய செம்மண் மேட்டில், ஆள் உயரத்தையும் தாண்டித் தூண் தூணாக நிற்கும் முட்செடி ஒன்றைக் கண்டேன். அமெரிக்கப் பாலைவனப் படங்களில் வரும் சாகுவாரோ காக்டஸைப் போலவே கிளைகளை மேல்நோக்கி உயர்த்தியிருந்தது. கோடியக்கரை மணல்மேட்டில் மட்டை மட்டையாகப் படர்ந்திருந்த வேறொரு கள்ளியையும் பார்த்தேன். இரண்டும் ஒரே குடும்பமா? வெட்டிப் பார்க்காமல் இனங்காண முடியுமா?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். உங்கள் விவரிப்பின்படி வல்லத்தில் நிற்பது சதுரக்கள்ளி. அது ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்த நம் மண்ணின் செடி. கோடியக்கரையில் கண்ட சப்பாத்திக்கள்ளி மட்டுமே காக்டஸ். கள்ளி என்னும் ஒரே பெயரை நாம் இரண்டிற்கும் வழங்குவதால்தான் இந்தக் குழப்பம். சங்கப் பாடல்களில் பாலை நிலத்தோடும் சுடுகாட்டோடும் சேர்த்துப் பேசப்படும் கள்ளி காக்டஸாக இருக்கவே முடியாது. ஏனெனில் சப்பாத்திக்கள்ளியின் தாயகம் அமெரிக்கக் கண்டம், ஐரோப்பியர் அங்கே கால்வைத்த 1492-க்குப் பிறகே அது கடல் கடந்து இங்கே வந்தது.

வெட்டத் தேவையே இல்லை. முள் எங்கிருந்து புறப்படுகிறது என்று குனிந்து பாருங்கள். காக்டஸ் எதுவாயினும், அதன் தண்டின் மீது பஞ்சை ஒட்டிவைத்தாற்போன்ற சிறு திட்டுகள் இருக்கும்; தாவரவியலார் இவற்றை ஏரியோல் என்பர். முள், பூ, புதிய கிளை யாவும் அந்தத் திட்டிலிருந்தே முளைக்கும். சதுரக்கள்ளியில் அத்தகைய பஞ்சுத் திட்டு கிடையாது; தண்டின் விளிம்பிலுள்ள புடைப்புகளில் குட்டையான முட்கள் இரண்டிரண்டாக நிற்கும். பூவும் பொய் சொல்லாது: சதுரக்கள்ளியின் பூ, பூவென்றே தோன்றாத அளவுக்குச் சிறியது, சப்பாத்திக்கள்ளியோ பல இதழ்களுடன் உள்ளங்கை அகலத்திற்கு மஞ்சளாக மலரும். கீறினால் பால் வடிவதை ஊரில் அடையாளமாகச் சொல்வார்கள். நம் பகுதியில் அது பெரும்பாலும் பொருந்தும் என்றாலும், பால் வடியும் காக்டஸ்களும் மெக்சிகோவில் உண்டு என்பதால் அதை முடிவான சான்றாகக் கொள்ள மாட்டேன். அதைவிட முக்கியமானது, சதுரக்கள்ளிப் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கக்கூடும். தவறிப் பட்டுவிட்டால், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

சாகுவாரோ இயற்கையில் வளர்வது சொனோரா பாலைவனத்தில், அதாவது பெரும்பாலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் அதை அடுத்த மெக்சிகோவிலும்தான். அதற்குக் கை முளைக்கவே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். மழையற்ற நிலத்தில் நீரைத் தண்டிலேயே சேமிக்க நேர்ந்ததால், உறவே இல்லாத இரு குடும்பங்கள் ஒரே உருவத்தை அடைந்தன; உங்கள் கண் ஏமாந்ததில் வியப்பில்லை.

கோடியக்கரையில் கண்டது எந்தச் சப்பாத்திக்கள்ளி என்று அறிய முள்ளின் நிறத்தைக் கவனியுங்கள். முள் மஞ்சளாகவும் சற்றுத் தட்டையாகவும் இருந்தால் அது ஒபன்சியா டில்லெனி. நம் கடற்கரையில் பெரிதும் காணப்படுவது இதுவே. கரும்பழுப்பு முள்ளும் செம்மை ஓடிய பூவும் இருந்தால் ஒபன்சியா எலாட்டியர். மட்டையில் வெண்பஞ்சு போல ஏதேனும் அப்பியிருந்தால் அது நோயன்று, பூச்சி. நசுக்கினால் குருதிச் சிவப்பாகக் கசியும். தென்னிந்தியாவில் காடாக மண்டிக்கிடந்த சப்பாத்திக்கள்ளியை ஒடுக்குவதற்காக 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்தப் பூச்சி, தன் வேலையை மிகச் சிறப்பாகவே செய்தது.

கேள்வி: சப்பாத்திக்கள்ளிப் பழத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, வேதாரண்யம்

பதில்: கனிந்து கருஞ்சிவப்பான பழத்தை உண்ணலாம். ஆனால் அதன் தோலில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சுணைமுட்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். விரலிலோ நாக்கிலோ ஏறினால் எடுப்பது பெரும்பாடு. பெரியவர்கள் இடுக்கியால் பறித்து, தீயில் வாட்டிச் சுணையைப் போக்கி, தோலை முழுதும் சீவிய பின்னரே குழந்தையிடம் தாருங்கள். நாக்குச் சிவந்தால் அஞ்ச வேண்டாம். பீட்ரூட்டில் உள்ள நிறமியின் வகையே அது. கோடியக்கரைச் சரணாலயத்திற்குள் மட்டும் எதையும் பறிக்காதீர்கள். அங்கே அதற்கு அனுமதியில்லை.