நுரையீரலின் தழும்பு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்கு வயது 68. வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் இருந்தன. ஐபிஎஃப், அதாவது காரணம் தெரியாத நுரையீரல் தழும்பு நோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் முதுகலை விலங்கியல் படிக்கிறேன். செல்களை ஒட்டவைக்கும் இன்டெக்ரின் புரதத்தைத் தடுக்கும் மருந்துகளின் பரிசோதனை பாதியில் நிறுத்தப்பட்டதாக வாசித்தேன். ஒரு பசையை நீக்குவது அவ்வளவு கடினமா, அல்லது ஏமாற்றுகிறார்களா? நுரையீரலைச் சுத்தம் செய்யும் கஷாயம் ஒன்றை உறவினர்கள் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? நான் இத்துறையில் ஆய்வுக்குச் செல்லலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். அப்பா மூச்சு வாங்குவதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டே பாடம் படிப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்குப் புரிகிறது.

கஷாயம் வேண்டாம். அங்கே கழுவி வெளியேற்ற அழுக்கு எதுவும் இல்லை, இருப்பது தழும்பு. இந்நோய்க்குத் தரப்படும் மருந்துகளை உட்கொள்பவர்களுக்குக் கல்லீரல் பரிசோதனையைத் தவறாமல் செய்யவேண்டியிருக்கும்போது, உள்ளடக்கம் தெரியாத ஒன்றை அதன் மேல் ஊற்றுவது அன்பாகாது. ஆய்வுக்குச் செல்வதைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டியதில்லை.

ஆனால் ‘பசை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. சில மாதங்களாகக் கருவியல் நூல்களை வாசித்துவரும் எனக்கு, முதுகலை விலங்கியல் மாணவர் ஒருவர் செல் ஒட்டுதலை நான்கு மதிப்பெண் வினாவாகவே நினைவில் வைத்திருப்பது வருத்தமளிக்கிறது. 1907-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் எச்.வி. வில்சன் என்னும் உயிரியலாளர் உயிருள்ள கடற்பஞ்சைப் பட்டுத்துணி வழியாகப் பிழிந்து தனித்தனிச் செல்களாகச் சிதறடித்தார். அவை ஊர்ந்து, ஒன்றையொன்று தேடிக் கூடி, மீண்டும் கடற்பஞ்சாயின. 1955-இல் டவுன்ஸ், ஹோல்ட்ஃபிரெட்டர் என்னும் கருவியலாளர்கள் நீர்நில வாழ்விகளின் கருச் செல்களைப் பிரித்துக் கலந்து வைத்தபோது, தோலாக வேண்டியவை வெளிப்புறத்துக்கும் நரம்பாக வேண்டியவை உட்புறத்துக்கும் தாமாகவே நகர்ந்தன. பசை எதை வேண்டுமானாலும் ஒட்டும். இவையோ தேர்ந்தெடுத்துப் பற்றுகின்றன. கியோட்டோவில் மசாதோஷி தகேயிச்சி கண்டறிந்த, செல்லோடு செல்லைப் பிணைக்கும் கேட்ஹெரின் புரதங்கள் அந்தத் தேர்வின் ஒரு பகுதியை விளக்கின. கருவில் நரம்புக்குழாய் தோலிலிருந்து பிரியும்போது அதன் செல்கள் ஒரு வகைக் கேட்ஹெரினைக் கைவிட்டு வேறொரு வகையை ஏற்கின்றன.

இன்டெக்ரின் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அது செல்லைச் சுற்றியுள்ள இழைப்பரப்பைப் பற்றிக்கொண்டு, வெளியிலிருக்கும் இறுக்கத்தை உள்ளே தெரிவிக்கிறது. உள்ளிருக்கும் நிலைக்கேற்பத் தன் பிடியை மாற்றியும் கொள்கிறது. நுரையீரலில் இந்தப் பிடியே செய்தியாகிவிடுகிறது. டிஜிஎஃப்-பீட்டா என்னும் சமிக்ஞைப் புரதம் ஓர் உறைக்குள் செயலற்று அந்த இழைப்பரப்பில் சேமிக்கப்பட்டிருக்கிறது. காயம் ஏற்படும்போது காற்று நுண்ணறைகளின் மேற்பரப்புச் செல்களில் ஆல்ஃபா-வி பீட்டா-6 என்னும் இன்டெக்ரின் பெருகி, அந்த உறையைப் பற்றி இழுக்கிறது. புரதம் செயல்படத் தொடங்குகிறது. உடனே ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத்திசுச் செல்கள் கொலாஜன் என்னும் இழைப்புரதத்தைச் சுரந்து காயத்தை மூடுகின்றன. இது குணமாகும் வழிதான். ஐபிஎஃப்-இல் அது நிற்பதில்லை. கொலாஜன் சேரச் சேரத் திசு விறைக்கிறது. விறைத்த திசுவில் இழுப்பு இன்னும் எளிதாக உறையைத் திறக்கிறது. மேலும் கொலாஜன் சேர்கிறது.

அப்படியானால் அந்த இன்டெக்ரினை நீக்கிவிடலாமே என்பீர்கள். சான்பிரான்சிஸ்கோவில் டீன் ஷெப்பர்டின் ஆய்வுக்குழு அதைத்தான் செய்து பார்த்தது. பீட்டா-6 இல்லாத சுண்டெலிகளின் நுரையீரலில், தழும்பை உண்டாக்கும் பிளியோமைசின் மருந்தைச் செலுத்தியும் தழும்பு பெரிதாக உருவாகவில்லை. 1999-இல் இதை வெளியிட்டார்கள். கதை இங்கே முடிந்திருந்தால் உங்கள் கேள்விக்கே இடமில்லை. அதே வகைச் சுண்டெலிகள் முதுமையடைந்தபோது, அவற்றின் காற்று நுண்ணறைகளின் சுவர்கள் சிதைந்து எம்ஃபைசீமா என்னும் நுரையீரல் நோய் தோன்றியது. 2003-இல் அதையும் வெளியிட்டார்கள். டிஜிஎஃப்-பீட்டா குறைந்ததால், திசுவைக் கரைக்கும் எம்எம்பி-12 என்னும் நொதி கட்டுப்பாடின்றிப் பெருகியிருந்தது. தழும்பை உண்டாக்கிய அதே பிடிதான் அன்றாடம் அந்தச் சுவர்களைக் காத்துக்கொண்டும் இருந்தது. கெட்ட மூலக்கூறு ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது, அதைப் பிடித்து வெளியே எறிந்தால் போதும் என்ற எண்ணத்தில் உங்கள் உறவினர்களின் கஷாயத்துக்கும் உங்கள் ‘பசை நீக்கலுக்கும்’ பெரிய வேறுபாடு இல்லை. நீங்கள் படித்தவர் என்பதால் உங்கள் மேல்தான் கோபம் அதிகம்.

இந்த இன்டெக்ரினைத் தடுக்கும் ஓர் எதிர்ப்புரதத்தின் (ஆன்டிபாடி) பரிசோதனை பாதுகாப்புக் கவலையால் நிறுத்தப்பட்டது. அதையே தடுக்கும் பெக்ஸோடெக்ராஸ்ட் என்னும் மாத்திரையின் பரிசோதனை 2025-இல் நின்றது. எலிகளில் கண்ட எம்ஃபைசீமாதான் இவற்றின் தோல்விக்குக் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் நோயாளிகளுக்குத் தீங்கு நேரலாம் என்று தெரிந்தவுடன், கொட்டிய பணத்தைப் பாராமல் நிறுத்துவதை ஏமாற்று என்று எழுதாதீர்கள்.

அப்பாவுக்கு இன்று இருக்கும் மருந்துகளில் முக்கியமானவை பிர்ஃபெனிடோனும் நின்டெடானிபும். இரண்டுக்கும் 2014-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அவை தழும்பை அகற்றுவதில்லை, அது பரவும் வேகத்தைக் குறைக்கின்றன. பிர்ஃபெனிடோன் தருவதாக இருந்தால் உணவோடு கொடுங்கள், வெயிலில் அலையவிடாதீர்கள். மூச்சுப் பயிற்சி, தடுப்பூசிகள், ஆக்சிஜன் எப்போது தேவைப்படும் என்பது ஆகிய மூன்றையும் அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் கேளுங்கள். கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். அந்த அறையில் எல்லாம் மறந்துவிடும்.