ஒரு பாட்டுக்கு வந்த சாவித்திரி

வணக்கம்.

மகளுக்கு மாயாஜாலக் கதை என்றால் உயிர். அதனால் 'பாதாள பைரவி' போட்டுக் காட்டினேன். நடுவில் ஒரு நடனம் வந்ததும் என் அம்மா, "அடியே, இது நம்ம சாவித்திரிடி" என்றார். எனக்கு மனசே கேட்கவில்லை. அவ்வளவு பெரிய நடிகையை ஒரு பாட்டுக்கு ஆடவிட்டு அனுப்பிவிட்டார்களே! இளவரசி வேஷத்தையே கொடுத்திருக்கலாமே? இதையெல்லாம் அவர் நடித்த படம் என்று சொல்ல முடியுமா?

எஸ்., திருமங்கலம்

அன்புள்ள எஸ்.,

தாராளமாகச் சொல்லலாம். பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்த அம்மாவுக்கு என் வணக்கம்.

இளவரசி வேஷம் என்கிறீர்கள், சரி. அந்தக் கதையில் இளவரசிக்கு என்ன வேலை? தோட்டக்காரன் மகன் அவளுக்காகச் செல்வம் தேடிப் போகிறான், மந்திரவாதி அவனைப் பலி கொடுக்கப் பார்க்கிறான், இவன் முந்திக்கொண்டு மந்திரவாதியையே பலி கொடுத்து, கேட்டதெல்லாம் தரும் பதுமையோடு திரும்புகிறான், செத்தவன் மறுபடி எழுந்து வந்து இளவரசியைக் கடத்திப் போகிறான். அவள் காத்திருக்க வேண்டும், அழ வேண்டும். இளவரசியாக நடித்த மாலதி அதைக் குறையில்லாமல் செய்தார். ஆனால் படம் மொத்தமும் எஸ்.வி. ரங்காராவின் மந்திரவாதி கையில்தான் இருந்தது. 1951இல் சாவித்திரி அந்த இளவரசியாக வந்திருந்தால் கூடுதலாக என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்தில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் பார்த்திருப்பீர்கள். வள்ளி மேடைக்கு வருமுன் பபூனும் டான்ஸும் வந்து கூட்டத்தைப் பாயில் உட்காரவைக்க வேண்டும். லேசான வேலையா அது? சாவித்திரியும் விஜயவாடாவில் நடனமும் நாடகமுமாக மேடையில் தேறி வந்தவர்தான். 'பாதாள பைரவி'க்கு முந்தைய வருஷம் 'சம்சாரம்' படத்தில் கதாநாயகி வாய்ப்பு வந்து கைநழுவிப் போய், சின்ன வேஷம்தான் மிஞ்சியது. அதற்கப்புறமும் ஒரு பாட்டுக்கு ஆட வந்தார் பாருங்கள், அந்த மனசை நான் மதிக்கிறேன்.

அடுத்து 'மாயாபஜார்' போடுங்கள். 1957. அதே விஜயா நிறுவனம், அதே இயக்குநர் கே.வி. ரெட்டி, அதே ரங்காராவ். இந்தத் தடவை சாவித்திரி கதாநாயகி வத்சலா, ரங்காராவ் கடோத்கஜன், அவன் வத்சலாவாக உருமாறிக் கல்யாண வீட்டுக்குள் புகுகிறான். அதாவது சாவித்திரி தன் உடம்புக்குள் ரங்காராவை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்! மணமேடையில் மாப்பிள்ளை தங்கவேலுவின் காலை சாவித்திரியின் கால் நசுக்கும், அவர் வலியில் துடிப்பார், நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஒன்றுமே தெரியாத மணப்பெண் முகம். நொடியில் ராட்சசன், நொடியில் பெண். வசனத்தால் வருவதில்லை இது, ஆடிப் பழகிய உடம்பால் வருவது. 'பாதாள பைரவி'யில் உங்கள் அம்மா அடையாளம் கண்டதும் அந்த உடம்பைத்தான் என்று நினைக்கிறேன்.

மணமேடைக் காட்சி வரும்போது மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவையுங்கள், அவளுக்கு நிச்சயம் பிடிக்கும். அம்மா என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.