வெவ்வேறு பின்னணிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் மதிக்கப் பாடவேளையிலேயே பழக்குவது எப்படி?

ஒற்றுமை பற்றித் தனி வகுப்பு எடுப்பதைவிட, இருக்கிற பாடத்தையே துண்டு போட்டுக் கொடுங்கள். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், புதிதாக ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்ட கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளிடையே மோதல் எழுந்தபோது உளவியலாளர் எலியட் ஆரன்சன் குழுவினர் வகுத்த 'ஜிக்சா' (துண்டுகளைச் சேர்த்துப் படத்தை முழுமையாக்கும் புதிர்) முறை இது.

ஐந்தாறு பேர் கொண்ட கலவையான குழுக்களை ஆசிரியரே பிரிக்க வேண்டும். பிள்ளைகளிடம் விட்டால் கூட்டாளிகளாகவே சேர்ந்துவிடுவார்கள். பாடத்தில் ஆளுக்கொரு பகுதி. வெவ்வேறு குழுக்களில் ஒரே பகுதி கிடைத்தவர்கள் முதலில் தனியே கூடி, அதை எப்படிச் சொல்லித்தருவது என்று ஒத்திகை பார்க்கட்டும். அவசரத்தில் இந்தப் படியைத்தான் விட்டுவிடுவார்கள். விட்டால், திக்கித்திக்கிப் படிக்கும் பிள்ளை குழுவின் முன் கூனிக்குறுகி நிற்கும், நோக்கமே கெட்டது. பிறகு சொந்தக் குழுவுக்குத் திரும்பிக் கற்பிப்பார்கள்.

தேர்வு முழுப் பாடத்திலும் இருக்கட்டும், மதிப்பெண் தனித்தனியாக. குழுவுக்கு மொத்தமாகப் போட்டால் மெதுவாகப் படிக்கும் பிள்ளைமேல் எரிச்சல்தான் வளரும்.