தூண்டில் பக்கம்: லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்கு எந்த இரை?

கேள்வி: லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்குத் தூண்டில் போட இப்போதுதான் பழகி வருகிறேன். கடையில் சுவர் முழுக்க லூர்கள், அதாவது செயற்கை இரைகள், தொங்குகின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்று புரியாமல் வெறுங்கையோடு திரும்பிவிட்டேன். முதலில் எவற்றை வாங்க வேண்டும்?

பதில்: வெறுங்கையோடு திரும்பியதும் ஒரு வகையில் நல்லதுதான். கடைச் சுவரின் முன் நின்று தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் தம் கண்ணைக் கவர்ந்ததைத்தான் எடுப்பார். லூரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் நீர்க்கரை. மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது, இரையைத் துரத்தி வரும் நிலையில் இருக்கிறதா என்ற இரண்டையும் அங்கே நின்றுதான் கணிக்க முடியும். நிறம், அளவு, வாசனை எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகு யோசிக்க வேண்டியவை.

லார்ஜ்மவுத் பாஸ் பதுங்கியிருந்து பாயும் நன்னீர் மீன். அல்லி இலைகளின் நிழல், மூழ்கிக் கிடக்கும் மரம், பாசிப் பரப்பின் விளிம்பு, படகுத்துறைத் தூண்கள் ஆகியவற்றை ஒட்டி நின்றுகொண்டு, கடந்து போகும் சிறு மீனையோ, இறால் போன்ற கிரேஃபிஷையோ அகன்ற வாயால் நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். அதன் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தோடு ஏறி இறங்குவதால், நீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும்போது அது சோர்ந்துவிடும். விலகி ஓடும் இரையை விட்டுவிட்டு, மூக்கருகே வந்து நிற்பதையே எடுக்கும். நீர் ஏறத்தாழ 15 டிகிரியைத் தொடும்போது முட்டையிடுவதற்காகக் கரையோரத்தின் ஆழமற்ற பகுதிக்கு வரும். கோடையின் உச்சத்தில் விடியலிலும் அந்தியிலும் மேற்பரப்பில் இரை தேடிவிட்டு, பகலில் நிழலுக்கோ ஆழத்துக்கோ நகர்ந்துவிடும். இவ்வளவும் மனத்தில் இருந்தால் கடைச் சுவர் தானாகவே சுருங்கிவிடும்.

என் பரிந்துரை இது. உப்புக் கலந்த 5 அங்குல ரப்பர் நேர்ப்புழு, அதாவது ஸ்டிக் பெய்ட், ஒரு பொட்டலம் வாங்குங்கள். வாலில் சுருள் உள்ள 7 அங்குல ரப்பர் புழு ஒரு பொட்டலமும், 10 கிராம் எடையுள்ள ஜிக் (தலையில் எடை வார்த்த முள்) ஒன்றும், அதன் பின்னால் மாட்ட நண்டுக்கால் வடிவ சாஃப்ட் பெய்ட் (மென்மையான பிளாஸ்டிக் இரை) சிலவும் போதும். இவை மெதுவாக, அடியை ஒட்டித் தேடுவதற்கானவை. விரைவாகப் பரந்த நீரைத் துழாவிப் பார்க்க ஒரு ஸ்பின்னர்பெய்ட்டும் (சுழலும் தகடு பூட்டிய லூர்), சதுர நாக்குள்ள கிராங்க்பெய்ட் (மீன் வடிவக் கெட்டி லூர்; முன்னால் நீட்டிய தகடே அதன் நாக்கு) ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பின்னர்பெய்ட்டின் தகடு வட்டமாக இருந்தால் அதிர்வு கூடும். கலங்கிய நீருக்கு அது பொருந்தும். வில்லோ இலை போல ஒடுங்கிய தகடு அதிர்வைக் காட்டிலும் மினுக்கத்தையே அதிகம் தரும். தெளிந்த நீரில் சிறு மீன் கூட்டம் போலத் தோன்றும். கிராங்க்பெய்ட்டின் நாக்கு நீண்டிருந்தால் ஆழமாக இறங்கும், குட்டையாக இருந்தால் மேலேயே ஓடும். சதுர நாக்கு மரக்கிளையில் மோதும்போது லூரைப் பக்கவாட்டில் தள்ளி விலக்கிவிடுகிறது, அந்தத் திடீர் விலகலின்போதுதான் பாஸ் பாய்ந்து அடிக்கும். ஆகவே மரத்தைக் கண்டு லூரைத் திருப்பிவிடாதீர்கள், மோதவிடுங்கள்.

இந்த ஐந்தையும் ஒரு பருவம் முழுக்கப் போட்டுப் பழகிய பிறகு ஆறாவதை வாங்கினால் போதும்.

கேள்வி: டெக்ஸஸ் ரிக் முறையில் ரப்பர் புழுவை மாட்டினால் நீரில் சுழல்கிறது, தூண்டில் நரம்பு முறுக்கிக்கொள்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: புழு நேராகத் தொங்கவில்லை என்பதே தவறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் சாஃப்ட் பெய்ட்டில் நாம் கற்றுக்கொள்ளும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒரு மாட்டுமுறைதான். ரப்பர் புழு பரவலானதற்கு 1949இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் நிக் கிரீம் தம்பதியர் தம் வீட்டு அடுப்பில் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி வார்த்த புழு ஒரு தொடக்கம். ஆனால் அந்தப் புழுவை மரமும் புதரும் மூழ்கிக் கிடக்கும் ஏரிகளில் சிக்காமல் இழுக்க வழி செய்தது டெக்ஸஸ் ரிக்தான். முள்ளின் கூர் புழுவுக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் கிளைகளையும் பாசியையும் வழுக்கிக் கடந்து வருகிறது.

7 அங்குலப் புழுவுக்குக் கழுத்து வளைந்த, 3/0 அல்லது 4/0 அளவுள்ள முள் பொருந்தும். முதலில் துப்பாக்கிக் குண்டு வடிவ எடையை, ஒடுங்கிய முனை ராடை (தூண்டில் கோலை) நோக்கியிருக்கும்படி நரம்பில் கோத்துவிட்டு, பிறகு முள்ளைக் கட்டுங்கள். முள்ளின் கூரைப் புழுவின் தலையில் சரியாக நடுவில் குத்தி, அரை சென்டிமீட்டர் உள்ளே சென்றதும் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள்ளின் கண் புழுத்தலைக்குள் மறையும் வரை இழுத்த பிறகு, கூர் புழுவைப் பார்க்கும்படி முள்ளைத் திருப்புங்கள். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். தலையைப் பிடித்துத் தூக்கி, புழுவைத் தானாகத் தொங்கவிட்டு, முள்ளின் வளைவு புழுவின் உடலில் எந்த இடத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தை விரல் நகத்தால் லேசாக அழுத்திக் குறித்துக்கொண்டு, புழுவைச் சற்றே மேலே தள்ளி, குறித்த இடத்தில் நேராகக் குத்துங்கள். குறிக்குக் கீழே குத்தினால் புழு கூன் போட்டு நிற்கும். மேலே குத்தினால் இழுபட்டு வளையும். இரண்டுமே நீரில் சுழலும். புழுவின் உடலில் வார்ப்பு அச்சு விட்டுச் சென்ற மெல்லிய கோடு ஒன்று பெரும்பாலும் இருக்கும். அந்தக் கோட்டிலேயே கூர் நுழைந்து அதற்கு நேர் எதிர்ப்புறம் வெளியேறினால் மையம் தவறாது. கடைசியாக, வெளியே வந்த கூரின் நுனியை மட்டும் புழுவின் தோலில் மெல்லச் செருகிவிட்டால் பாசி பற்றாது. ராடைச் சுண்டியதும் கூர் எளிதில் வெளியே வரும்.

எடையைப் பொறுத்தவரை, அடியைத் தொடுவதை உணர முடிகிற மிகக் குறைந்த எடையே சிறந்தது. ஆழமற்ற நீரில் 5 கிராம், 3 மீட்டருக்கு மேல் 7 முதல் 10 கிராம் என்று தொடங்கலாம். அடர்ந்த பாசிக் கம்பளத்தைத் துளைத்து இறங்க வேண்டுமானால் 28 கிராமும் அதற்கு மேலும் தேவைப்படும். ஈயத்தைவிட டங்ஸ்டன் அடர்த்தி மிகுந்தது என்பதால் அதே எடையில் சிறிதாக இருக்கும், அடியில் கிடப்பது கல்லா மண்ணா என்பதையும் விரலுக்குத் தெளிவாகச் சொல்லும். விலை கூடுதல்தான், ஆனாலும் நீர்ப்பறவைகள் விழுங்கினால் ஈயம் அவற்றைக் கொல்லும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் டங்ஸ்டனே என் தேர்வு.

கேள்வி: ஒரே புழு முப்பது நாற்பது நிறங்களில் விற்கப்படுகிறது. பாஸ் மீனுக்கு நிறம் உண்மையிலேயே தெரியுமா?

பதில்: தெரியும், ஆனால் நமக்குத் தெரிவதுபோல் அல்ல. நம் கண்ணில் மூன்று வகை நிற உணர் செல்கள் உள்ளன. லார்ஜ்மவுத் பாஸுக்கு இரண்டு வகைதான், ஒன்று பச்சைக்கும் மற்றொன்று சிவப்புக்கும் அதிகம் தூண்டப்படுபவை. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குறிப்பிட்ட நிறத்தை நாடினால் உணவு கிடைக்கும் என்று இந்த மீன்களைப் பழக்கி, பிறகு வேறு நிறங்களோடு சேர்த்துக் காட்டிச் சோதித்தார்கள். சிவப்பையும் பச்சையையும் மீன்கள் நன்றாகப் பிரித்தறிந்தன. ஆனால் எலுமிச்சை மஞ்சள் போன்ற ஷார்ட்ரூஸ் நிறத்தை வெள்ளையோடும், நீலத்தைக் கறுப்போடும் குழப்பிக்கொண்டன. வெள்ளை ஸ்பின்னர்பெய்ட்டா, ஷார்ட்ரூஸா என்று நாம் கரையில் நின்று செய்யும் நீண்ட விவாதத்தில் மீனுக்கு அதிக அக்கறை இல்லை என்றே இதிலிருந்து கொள்ளலாம்.

ஆகவே மூன்று நிறம் போதும். தெளிந்த நீருக்குப் பாசியும் மண்ணும் கலந்தது போன்ற பச்சை. கடைகளில் கிரீன் பம்ப்கின் என்பார்கள். கலங்கிய நீருக்கும் இரவுக்கும் கறுப்பு அல்லது கறுநீலம், ஏனென்றால் அங்கே மீன் பார்ப்பது நிறத்தையல்ல, வெளிச்சத்தை மறைக்கும் உருவத்தை. சிறு மீன்களைப் பாஸ் துரத்திக்கொண்டிருக்கும்போது வெள்ளை. நீர் மிகவும் கலங்கியிருந்தால், பக்கவாட்டுக் கோடு எனப்படும் உணர்வுறுப்பின் மூலம் அதிர்வை அறிந்தே மீன் இரையைத் தேடுகிறது என்பதால், நிறத்தை மாற்றுவதைவிடப் பருத்த உடலும் அகன்ற வாலும் கொண்ட இரைக்கு மாறுவதே பயன் தரும்.

கேள்வி: எடை இல்லாமல் போடும் நேர்ப்புழுவில் மீன் கடித்ததே தெரிவதில்லை. பல முறை மீன் முள்ளை முழுவதும் விழுங்கிவிடுகிறது.

பதில்: உங்கள் வருத்தம் எனக்கும் பழக்கமானது. நேர்ப்புழு கீழே இறங்கும்போதுதான் பெரும்பாலும் கடி விழும். உப்பு தரும் கனத்தால் அது கிடைமட்டமாக, இரு முனைகளும் நடுங்கியபடி இறங்குகிறது. வேறு எந்த அசைவும் நாம் கொடுக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் நரம்பு தளர்வாக இருப்பதால் கடி கைக்கு வந்து சேராது. எனவே கையை நம்பாமல் நரம்பு நீரைத் தொடும் புள்ளியைக் கண்ணால் பாருங்கள். நரம்பு மெல்லத் துள்ளினால், பக்கவாட்டில் நகர்ந்தால், அடியை அடைய வேண்டிய நேரத்துக்கு முன்பே இறங்குவது நின்றுவிட்டால், மீன் எடுத்துவிட்டது என்று பொருள். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் நிறமுள்ள பின்னல் நரம்பை ரீலில் சுற்றி, முன்பகுதியில் நீரில் எளிதில் தெரியாத ஃப்ளோரோகார்பன் நரம்பை இரண்டு மீட்டர் கட்டினால் இந்தக் கவனிப்பு எளிதாகும்.

சாஃப்ட் பெய்ட்டின் பெரும் பலம், உயிருள்ள இரை போல மென்மையாக இருப்பதால் மீன் அதை வாயிலேயே கூடுதல் நேரம் வைத்திருப்பது. அதே பலம்தான் ஆழமாக விழுங்கவும் வைக்கிறது. புழுவின் நடுவில் முள்ளை மாட்டும் வாக்கி முறையில் இது அதிகம் நடக்கும். கடி தெரிந்ததும் தளர்ந்த நரம்பைச் சுற்றியெடுத்து உடனே இழுத்துவிடுங்கள். எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். முள்ளின் எதிர்க்கூரைக் குறடால் நசுக்கிவிட்டால் கழற்றுவது எளிது. மீனைத் திருப்பி விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், பெரிய மீனைத் தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிடாமல் வயிற்றுக்கு அடியில் மற்றொரு கையைக் கொடுங்கள்.

கேள்வி: அல்லி இலைகளின் மேல் தவளை லூரை இழுக்கும்போது மீன் வெடித்துப் பாய்கிறது, ஆனால் முள்ளில் மாட்டுவதில்லை. ஏன்?

பதில்: சத்தம் கேட்டதும் இழுத்துவிடுகிறீர்கள். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, மீனின் கனம் நரம்பில் ஏறியதை உணர்ந்த பிறகு இழுங்கள். 50 பவுண்டுக்குக் குறையாமல் தாங்கும் பின்னல் நரம்பும் விறைப்பான ராடும் இல்லாமல் இலைக்கூட்டத்தில் தவளையைப் போடக் கூடாது, ஏனென்றால் மெல்லிய நரம்பு அறுந்தால் வாயில் முள்ளோடு போவது மீன்தான்.

கேள்வி: சாஃப்ட் பெய்ட்களைப் பெட்டியில் எப்படி வைப்பது? கிழிந்த புழுக்களை என்ன செய்வது?

பதில்: முதல் கேள்விக்கு அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஒரு வெயில் காலத்தில் ரப்பர் புழுக்களையும் வண்ணம் பூசிய கிராங்க்பெய்ட்களையும் ஒரே தட்டில் போட்டு வைத்தேன். சில வாரம் கழித்துத் திறந்தபோது புழு தொட்டுக் கிடந்த இடங்களில் கிராங்க்பெய்ட்டின் வண்ணம் பிசின்போலக் குழைந்து விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது, பெட்டியின் அடித்தட்டிலும் புழுவின் உருவம் பள்ளமாகப் பதிந்திருந்தது. பிவிசி புழுக்களை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற சேர்மம் கசிந்து மற்றப் பிளாஸ்டிக்கைக் கரைப்பதுதான் காரணம். நன்றாக இழுபடும், நீரில் மிதக்கும் எலாஸ்டோமர் வகை இரைகள் பிவிசி புழுவோடு சேர்ந்தால் இரண்டும் உருகிக் கூழாகிவிடும். ஒவ்வொரு வகையையும் அது விற்கப்பட்ட உறையிலேயே, வளையாமல் படுத்த நிலையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஏற்கெனவே வளைந்துபோன புழுவைக் கொதித்து இறக்கிய நீரில் சில நொடிகள் முக்கி, தட்டையான இடத்தில் நேராகக் கிடத்தினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும்.

கிழிந்த புழுவை நீரில் எறியாதீர்கள். அது மட்காது, அடியில் கிடப்பதை மீன் விழுங்கினால் செரிப்பதும் இல்லை, வயிற்றிலேயே தங்கிவிடும். புழுவின் தலைப்பகுதிதான் முதலில் கிழியும் என்பதால், அந்த ஒரு சென்டிமீட்டரை வெட்டிவிட்டு மறுபடி மாட்டினால் 7 அங்குலப் புழு சற்றே குட்டையான புழுவாக இன்னும் பல மீனைப் பிடித்துத் தரும். வாக்கி முறையில் புழுவின் நடுவே ஒரு சிறு ரப்பர் வளையத்தை ஏற்றி, அதற்கடியில் முள்ளைச் செருகினால் புழு சீக்கிரம் அறுந்து விழாது. எதற்கும் உதவாமல் போனவற்றை ஒரு பழைய உறையில் சேர்த்து, சட்டைப் பையிலேயே வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பைத் தொட்டியில் போடுங்கள்.